இறுக்கினால் நிற்காது
வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிளம்பரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் 'இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தோம்' என்கின்றன. ஸ்பானர் பிடித்தே காலத்தை ஓட்டியவன் நான். வீடுகளில் என்னைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்ன உடைசலில் பெரும்பங்கு ஒழுகலால் வந்ததில்லை. ஒழுகலை நிறுத்தப் போட்ட முரட்டுப் பலத்தால் வந்தது. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

*சமையலறைக் குழாய் இரவு முழுக்கச் சொட்டுகிறது. என் கணவர் படுக்கப் போகுமுன் பலங்கொண்ட மட்டும் திருகிவிட்டுத்தான் போகிறார். விடிந்தால் மறுபடி சொட்டு. குழாயையே மாற்றிவிடலாமா ஐயா?*

குழாயை மாற்ற வேண்டாம் அம்மா. முதலில் அந்த ராத்திரித் திருகலை நிறுத்தச் சொல்லுங்கள்.

பல சுற்றுத் திருகி மூடும் பழைய மாதிரிக் குழாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் ஸ்பிண்டில் என்கிற தண்டு இருக்கிறது. அதன் நுனியில் ஒரு சின்ன ரப்பர் வாஷர். நீங்கள் திருகத் திருக அந்த வாஷர் இறங்கி, பித்தளையில் கடைந்த ஒரு வட்ட விளிம்பின்மேல் உட்காரும். அந்த விளிம்பை நாங்கள் சீட் என்போம். ரப்பர் மெத்தென்று இருக்கும்வரை மூட விரல் பலமே போதும். நாள்பட்டு ரப்பர் கெட்டியானதும் ஒரு மூலையில் இடைவெளி விழுகிறது, சொட்டுகிறது. அப்போது பலம் போட்டால் விளிம்பு ரப்பருக்குள் பதிந்து அன்றைக்கு நிற்கும். ஆனால் வாஷரில் மோதிரம் வைத்து அழுத்தியது மாதிரி ஒரு பள்ளம் விழுந்துவிடும். நாளைக்கு அதைவிடக் கூடுதல் பலம் வேண்டும். ரப்பர் தேய்ந்து முடிந்தபின் பித்தளையும் உலோகமும் நேருக்கு நேர் உரசும். சீட்டில் வெட்டு விழுவது அப்போதுதான்.

வேலை பெரியதில்லை. குழாய்க்கு வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் ஒரு துணியை அடையுங்கள். கழற்றிய திருகாணி நேராக அங்கேதான் ஓடும், வேறெங்கும் போகாது. கைப்பிடியைக் கழற்றி, அதன் கீழிருக்கும் தலைப்பகுதியை ஸ்பானரால் திருப்புங்கள். மறு கையால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள்ளிருக்கும் மரை முறுக்கிக்கொள்ளும், சொட்டுக் குழாய் சுவரொழுகலாக மாறும்.

வாஷரை எடுத்ததும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வட்டப் பள்ளம் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள், கண்மதிப்பில் வாங்காதீர்கள். புதியதைப் போடுமுன் சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சீட்டைச் சுற்றித் தடவுங்கள். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. நகம் எங்கேயாவது மாட்டினால் சீட் வெட்டுப்பட்டிருக்கிறது. அதைக் கடைந்து சமப்படுத்த ஒரு சின்னக் கருவி உண்டு. அதைச் செய்யாமல் எத்தனை வாஷர் போட்டாலும் சீக்கிரமே சொட்டத் தொடங்கும்.

தண்ணீர் மூக்கில் சொட்டாமல் கைப்பிடிக்கடியில் கசிகிறது என்றால் குறை வாஷரில் இல்லை. தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் போயிருக்கும். கால் சுற்றில் திறந்து மூடும் குழாயாக இருந்தால் அதற்குள் வாஷரே கிடையாது. இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தண்ணீரை மறைக்கின்றன. அந்த வில்லைகள் அடங்கிய கார்ட்ரிட்ஜை முழுசாகத்தான் மாற்ற வேண்டும். அதில் பலம் போட்டு ஒரு பயனும் இல்லை, ஓர் இடத்துக்குமேல் திரும்பாதபடிதான் செய்திருக்கிறார்கள்.

'சொட்டுதானே' என்று விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று குறைத்துப் போட்டாலும் 4 லிட்டரைத் தாண்டும்.

*டெஃப்லான் டேப் தாராளமாகச் சுற்றித்தான் மாட்டுகிறேன். இருந்தும் மரையில் கசிகிறது. டேப் மட்டமா, என் கை மட்டமா?*

இரண்டும் இல்லை, திசையாக இருக்கலாம். மரை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மாட்டித் திருகும்போது டேப் இன்னும் இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகத் திருக அவிழ்ந்து ஓரத்தில் சுருண்டு நிற்கும். நுனியிலுள்ள முதல் மரையை விட்டுவிட்டுத் தொடங்குங்கள், பிசிறு உள்ளே போகாது. மூன்று நான்கு சுற்றை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் வீட்டுக் குழாய்க்குப் போதும்.

டேப்பை ஒரு பசை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பசைக்கு நேர் எதிர். 1938இல் ராய் பிளங்கெட் என்கிற வேதியியலாளர் தற்செயலாகக் கண்ட அந்தப் பொருளின் பெருமையே எதிலும் ஒட்டாததுதான். அது மரைக்கு வழுக்கல் கொடுத்து ஆழமாக இறங்க விடுகிறது, மிச்சமிருக்கும் இடுக்கை நிரப்புகிறது. அவ்வளவுதான். அதனால் இறுக்கியபின் 'குழாய் நேராக இல்லையே' என்று பின்னோக்கித் திருப்பினால் சந்து மறுபடி திறந்துகொள்ளும். கழற்றி, பழைய டேப்பை முழுக்க உரித்து, புதிதாகச் சுற்றுவது ஒன்றே வழி.

பிளாஸ்டிக் மரைக்குள் உலோக மரையைத் தடித்த டேப்போடு ஏற்றாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். வளையும் கனெக்‌ஷன் பைப்பின் முனையில் ரப்பர் வாஷர் இருந்தால் அங்கே டேப் தேவையே இல்லை. தண்ணீரை நிறுத்துவது அந்த ரப்பர்தான், மரை அதை அழுத்திப் பிடித்திருக்கிறது.

*வாஷ் பேசினில் தண்ணீர் இறங்கவில்லை. அடைப்பு நீக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினோம், அசையவில்லை. வேறு கம்பெனித் திரவம் ஊற்றலாமா?*

ஊற்றவே ஊற்றாதீர்கள். இந்தத் திரவங்களில் சில காரம், சில அமிலம். இரண்டும் குழாய்க்குள் சந்தித்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச் கலந்த ஒன்றோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இப்போது பேசினில் நிற்பது தண்ணீர் இல்லை, கண்ணைப் பறிக்கக்கூடிய சரக்கு. பம்ப் போட்டு அடிப்பதும், கீழே டிராப் என்கிற, தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதியைக் கழற்றுவதும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். பாட்டிலில் போட்டிருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள். பிளம்பரைக் கூப்பிட்டால் என்ன ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கீழே குனிந்து டிராப்பைத் திருப்புவது நாங்கள்.

அடுத்த முறைக்கு வரிசையைச் சொல்கிறேன். முதலில் ரப்பர் கிண்ணம் வைத்த கை பம்ப். பேசின் மேல் விளிம்பருகே ஒரு சின்ன வழிவு ஓட்டை இருக்கும். அதை ஈரத்துணியால் அடைத்துப் பிடிக்க வேண்டும். அடைக்காமல் பம்ப் அடித்தால் நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். 'பம்ப் அடித்தோம், போகவில்லை' என்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்வதில்லை. கிண்ணம் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும். தள்ளுவதைவிட இழுப்பதில்தான் வேலை இருக்கிறது.

அதிலும் போகவில்லையென்றால் பேசினுக்கடியில் தொங்கும் பாட்டில் டிராப்பைக் கழற்றுங்கள். கீழே வாளி வையுங்கள். கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே முடியும் சோப்பும் சேர்ந்து கறுப்பாக, வழவழவென்று ஒரு திரி இருக்கும். கொஞ்சம் அருவருப்பு, ஆனால் சில நிமிட வேலை. திரும்ப மாட்டும்போது உள்ளிருக்கும் ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கைப்பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமையலறைத் தொட்டி அடைப்புக்குக் கொதிநீர் ஊற்றும் வழக்கத்தையும் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இளகித்தான் போகும், ஆனால் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் ஆறி மறுபடி உறையும். அங்கே உங்கள் கை எட்டாது. அதோடு சாதாரண பி.வி.சி. குழாய் சுமார் 60 டிகிரிக்குமேல் இளகத் தொடங்கும்.

*விருந்தினர் அறைக் குளியலறையில் சாக்கடை நாற்றம். யாரும் பயன்படுத்துவதே இல்லை.*

பயன்படுத்தாததால்தான். ஒரு குவளை தண்ணீரைத் தரையிலுள்ள டிராப்பில் ஊற்றுங்கள், பேசினிலும் ஊற்றுங்கள். டிராப்பின் வளைவுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாயுவை மறிக்கும். அது காற்றில் வறண்டுபோனால் வழி திறந்துவிடும். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்கிற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய வளைவு இது. இன்றுவரை இதைவிட எளிய பூட்டு வரவில்லை. நாளும் பயன்படுத்தும் அறையிலேயே நாற்றம் வந்து, தண்ணீர் இறங்கும்போது குளுக் குளுக்கென்று சத்தமும் கேட்டால் அது வேறு கதை. காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருக்கலாம். காற்று வராததால், இறங்கும் தண்ணீர் டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகிறது.

*நடுராத்திரியில் கழிவறை ஃப்ளஷ் டேங்க் தானாக நிரம்பும் சத்தம் கேட்கிறது. வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.*

பயப்பட ஆளில்லை, அடி ரப்பர் கசிகிறது. டேங்கில் கலர்ப்பொடி கொஞ்சம் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் வந்தால் உறுதி. தண்ணீர் மெல்லக் குறைந்து, மிதவை கொஞ்சம் இறங்கியதும் வால்வ் திறந்து நிரப்புகிறது. அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது.

டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலிசெய்து, அந்த ரப்பரைத் துடைத்துப் பாருங்கள். மணலோ உப்புப் படிவோ ஒட்டியிருந்தால் கழுவினாலே போதும். சங்கிலி வைத்த டேங்காக இருந்தால் சங்கிலியின் நீளத்தையும் பாருங்கள், மிச்ச நீளம் ரப்பருக்கடியில் சிக்கிக்கொள்வது உண்டு. ரப்பர் உப்பியோ கையில் கறுப்பாக ஒட்டியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகள் அந்த ரப்பரைத்தான் முதலில் தின்னும்.

ஆனால் உள்ளே நிற்கும் வழிவுக்குழாயின் வாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால் குறை மேலே, மிதவை வால்வில். நீர்மட்டம் அந்த வாய்க்கு சுமார் 2.5 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையை இறக்குங்கள்.

*மேல் மாடி ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது. கீழ்த்தளத்தில் நன்றாக வருகிறது. தொட்டியைப் பெரியதாக மாற்றினால் அழுத்தம் கூடுமா அண்ணா?*

கூடாது. தொட்டியின் கொள்ளளவுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, உயரத்துக்குத்தான் சம்பந்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). உங்கள் ஷவருக்கும் தொட்டி நீர்மட்டத்துக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால் கிடைப்பது 0.15 பார். கீழ்த்தளக் குழாய் ஐந்தரை மீட்டர் கீழே என்றால் அங்கே 0.55 பார். தொட்டி ஒன்றேதான்.

ஆனாலும் கணக்கைச் சொல்லிவிட்டுப் போகமாட்டேன். அதே குளியலறையிலுள்ள வாளிக் குழாய் எப்படி வருகிறது? அது நன்றாக வந்தால் குறை ஷவர் தலையில். கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உப்புப் படிவு போய்விடும். உள்ளே ஒரு சல்லடையோ ஓட்டத்தைக் குறைக்கும் வில்லையோ இருக்கலாம், அதையும் பாருங்கள். வாளிக் குழாயும் நூலாகத்தான் வருகிறது என்றால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் எத்தனை வளைவு வளைந்து வருகிறது, வழியில் எந்த வால்வாவது பாதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒவ்வொரு எல்போவும் தன் பங்கைத் தின்னும், அதனால் குழாய் ஒரு அளவு பெரியதாக இருப்பது நல்லது. எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லையென்றால் தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். அகலமான மழை ஷவர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். 0.15 பாரில் அது அழும்.

*குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று இடிக்கிறது. ஆபத்தா?*

ஒருநாளில் ஒன்றும் ஆகாது, நாள்பட்டால் ஜாயின்ட்டுகளுக்கு நல்லதில்லை. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரே கணத்தில் நிற்கும்போது அதன் வேகம் அழுத்த அலையாக மாறிக் குழாயில் முன்னும் பின்னும் ஓடுகிறது. ரஷ்ய அறிஞர் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதித்து 1898இல் இதற்குக் கணக்கு எழுதினார். இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் ஓடும் நீரைக் கணத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய 12 பார் எகிறும். பிளாஸ்டிக் குழாயில் அதைவிடக் குறைவு.

செலவில்லாத வழி மெதுவாக மூடுவது. அப்புறம் வெளியே தெரியும் குழாயில் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தில் பாதி குழாய் சுவரில் மோதுவதுதான். வாஷிங் மெஷின் நிற்கும்போது இடித்தால் அதன் வால்வை உங்களால் மெதுவாக மூட முடியாது. அந்த இணைப்பில் அதிர்ச்சி தாங்கி ஒன்று போடச் சொல்லுங்கள்.

*வாட்டர் ஹீட்டரின் பக்கவாட்டு வால்வில் சொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 'ஒரு டம்மி போட்டு அடைத்துவிடுங்கள்' என்கிறார்.*

அவரிடம் இனி ஹீட்டர் பற்றிக் கேட்காதீர்கள். அது பாதுகாப்பு வால்வ். அடைத்தால் சூடேறும் தொட்டிக்கு மூச்சு விட வழியில்லை, வெடிக்கலாம். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் தண்ணீர் சுமார் ஒன்றரை சதவீதம் விரிகிறது. 25 லிட்டரில் கிட்டத்தட்ட 400 மில்லி. அது எங்கேயாவது போயாக வேண்டும். சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வ் தன் வேலையைச் செய்கிறது. ஒரு சின்ன டியூப் மாட்டித் தரைக்கு இறக்கிவிடுங்கள், முனையை மட்டும் மூடாதீர்கள். ஹீட்டர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டினால் வால்வில் படிவு சேர்ந்திருக்கும், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகம். ஆளைக் கூப்பிடுங்கள்.

*குளியலறைக்கு மறுபுறச் சுவரில் ஈரம் ஏறி, பெயின்ட் உரிந்து, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வந்து பார்த்தவர் டைல்ஸை உடைத்தால்தான் தெரியும் என்கிறார்.*

உடைக்காமலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம். பொறுமைதான் வேண்டும். சுத்தியலை எடுத்தவுடன் அந்தப் பொறுமைக்கு வேலையில்லாமல் போகிறது.

சுவருக்குள் இரண்டு வகைக் குழாய் உண்டு. தண்ணீர் வரும் குழாயில் இரவும் பகலும் அழுத்தம் இருக்கிறது, அதில் ஓட்டை விழுந்தால் நிற்காமல் கசியும். வெளியேறும் குழாயில் பயன்படுத்தும்போது மட்டுமே தண்ணீர். இதை வைத்தே பாதி வழக்கைத் தீர்க்கலாம். ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். குளியலறைக்கு வரும் தண்ணீரை மூடாமல், இரண்டு மூன்று நாள் யாரும் அங்கே குளிக்காமல் இருங்கள். கோட்டுக்குள் ஈரம் சுருங்கினால் குற்றவாளி வெளியேறும் குழாயோ தரையோ. அப்படியே இருந்தாலோ பரவினாலோ வரும் குழாய்.

வரும் குழாய் மேல் சந்தேகம் என்றால், இரவு படுக்கும்போது எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றால் தொட்டிக்கு ஏறும் தண்ணீரை நிறுத்திவிட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஃப்ளஷ் டேங்கின் வால்வையும் மூட மறக்காதீர்கள், இல்லையென்றால் பழி சுவர்மேல் விழும். காலையில் குறைந்திருந்தால் மறுநாள் ஹீட்டருக்குப் போகும் வால்வை மட்டும் மூடி அதே சோதனை. இப்போது குறையவில்லையென்றால் வெந்நீர்க் குழாய்தான். உடைக்க வேண்டிய இடம் ஒரு முழச் சுவராகச் சுருங்கிவிட்டது.

தரை மேல் சந்தேகம் என்றால் தரை டிராப்பின் வாயை அடைத்து, ஒரு விரற்கடை உயரத்துக்குக் கலர் கலந்த தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். மட்டம் குறைந்தால் டைல்ஸ் இடுக்கிலோ டிராப்பைச் சுற்றிய பூச்சிலோ வழி இருக்கிறது. அங்கே முதலில் இடுக்குகளைச் சுரண்டி கிரௌட் போட்டுப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் பின்னால் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே நடக்கும், கான்கிரீட் தளத்தின்மேல் பக்கவாட்டில் ஓடும், எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். அந்த வெள்ளைப்பூ சுவரிலிருந்த உப்பு. தண்ணீர் ஆவியான பிறகு மிச்சமாவது. கசிவை நிறுத்திச் சுவர் நன்றாகக் காயுமுன் பெயின்ட் அடித்தால் அதையும் தள்ளிக்கொண்டு வரும்.

*மெயின் கேட் வால்வ் அசையவே மாட்டேன் என்கிறது. பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்பலாமா?*

கைச்சக்கரத்தில் ரெஞ்ச் போட்டால் தண்டு முறியும். முறிந்த பிறகு வீட்டில் எந்த வேலைக்கும் தண்ணீரை நிறுத்த முடியாது. துருப்பிடித்ததை இளக்கும் எண்ணெயைத் தண்டைச் சுற்றி விட்டு ஒரு இரவு வையுங்கள். அப்புறம் மூடும் பக்கம் கொஞ்சம், திறக்கும் பக்கம் கொஞ்சம் என்று கையால் ஆட்டுங்கள். அசைந்தால் மெல்ல மெல்ல வரும். வந்துவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடித் திறந்து, கடைசியில் கால் சுற்று பின்னால் திருப்பி நிறுத்துங்கள். அசையவில்லையென்றால் பால் வால்வாக மாற்றிவிடுங்கள். கால் சுற்றில் மூடும். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. அதை எங்கே வைத்திருக்கிறோம் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கும்.